வடியாத ஆயில்

போன மாதம் ஒரு காலை நேரம். பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பீர்முகம்மது வீடியோ கால் போட்டான். என்னிடம் ஏழு வருடம் வேலை பார்த்தவன். பிறகு துபாய் போய்த் திரும்பி வந்து, இப்போது கடையநல்லூரில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். போனில் அவன் முகம் தெரியவில்லை, சட்டைதான் தெரிந்தது. புதுச் சட்டை. நெஞ்சிலிருந்து இடுப்பு வரை கறுப்பாக ஆயில்.

ஒரு கார் எஞ்சினைப் பிரித்து மறுபடி கட்டுவதற்காக இறக்கியிருக்கிறான். முந்தின நாளே அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடித்தாகிவிட்டது. காலையில் எஞ்சினை ஸ்டாண்டில் மாட்டிச் சாய்த்ததும் அவன் மேலேயே கொட்டியிருக்கிறது. பக்கத்தில் நின்ற வண்டிக்காரர் அவனைப் பிடித்துக்கொண்டார். முழுக்க வடித்தாயிற்று என்று சொன்னாயே, பிறகு இது எங்கிருந்து வந்தது, உள்ளே இன்னும் என்னென்ன பார்க்காமல் விட்டிருக்கிறாய் என்று கேள்வி மேல் கேள்வி.

"அண்ணாச்சி, நீங்களே அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்காரு" என்றான் பீர்முகம்மது.

வாயில் நுரையோடு வண்டிக்காரருக்கு விளக்கினேன். எவ்வளவு வடித்தாலும் எஞ்சினுக்குள் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். ஃபில்டரில் நிற்கும், ஆயிலைக் குளிரவைக்கும் கூலருக்குள் நிற்கும், மேலே வால்வு ஸ்பிரிங்குகளைச் சுற்றியிருக்கிற பள்ளங்களில் நிற்கும். வண்டியைப் பொறுத்து அரை லிட்டரோ ஒரு லிட்டரோ இருக்கும். அது மெக்கானிக்கின் குற்றம் இல்லை. அவர் அரை மனதோடு தலையாட்டினார். பீர்முகம்மது விடவில்லை. இதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், சுவரில் ஒட்டி வைக்கிறேன் என்றான்.

எழுத உட்கார்ந்தேன். ஒரு தாளில் முடிகிற சமாச்சாரமாக இல்லை. அந்த மிச்ச ஆயில்தான் ஒரு தடவை என் மானத்தைக் காப்பாற்றியது. அதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் எழுத எனக்கு மனசு வரவில்லை.

மேலகரத்தில், குற்றாலம் போகிற ரோட்டில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருபத்தெட்டு வருடம் இருந்தேன். தொழில் படித்த கதையை நீட்டப் போவதில்லை. முதல் இரண்டு வருடம் நட்டு கழுவினேன், அடுத்த மூன்று வருடம் திட்டு வாங்கினேன், பிறகு எஞ்சின் பிரித்தேன். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான்.

எங்கள் ஃபோர்மேன் தேவசகாயம் அண்ணாச்சி. முதலாளி திருநெல்வேலியில் இருந்தார், எப்போதாவதுதான் வருவார். அதனால் எல்லாம் அண்ணாச்சி வைத்ததுதான் சட்டம். ஒல்லியான ஆள். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். என்ன சொல்கிறார் என்று கேட்க நாம் கிட்டே போக வேண்டியிருக்கும், அதுதான் பயம். காக்கிச் சட்டைப் பையில் பதினேழாம் நம்பர் ரிங் ஸ்பேனர் ஒன்று எப்போதும் இருக்கும். டிரெயின் போல்ட் கழற்றுகிற அளவு. தொழிலுக்கு வந்த புதிதில் வாங்கியதாம். கை பட்டுப் பட்டு எழுத்தெல்லாம் அழிந்துபோய் வழவழவென்று இருக்கும். அதை யாருக்கும் இரவல் தர மாட்டார்.

அவரிடம் இரண்டு விஷயத்தில் பேச்சே கிடையாது. ஒன்று, எஞ்சினைப் பிரிக்கும்போது வண்டிக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும். வேலை இருக்கிறது, நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறவர் வண்டியை அவர் தொடவே மாட்டார். இரண்டாவது, ஆயில் சரியாக ஊற்றாமல் எவன் ஒரு வண்டியை வெளியே அனுப்புகிறானோ, அவன் தன் ஸ்பேனரை மேஜை மேல் வண்டிக்காரர் கண்முன்னால் வைத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வரக் கூடாது. சும்மா பேச்சுக்குச் சொல்லிவைத்த சட்டம் இல்லை. சொந்த மச்சினனையே அப்படி அனுப்பியவர். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர் மாமியார் வீட்டில் யாரும் அவரோடு பேசவில்லை.

எஞ்சின் பிரிப்பதற்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வெள்ளைப் பீங்கான் பேசின் ஒன்று வைத்திருந்தார். கறுப்பு ஆயிலில் இரும்புத்தூள் மின்னினால் வெள்ளையில்தான் தெரியும். முதலில் அடித்தொட்டியில் இருப்பதை, அதை நாங்கள் சம்ப் என்போம், பேசினில் வடிப்பார். அதைக் காலி ஊறுகாய் பாட்டிலில் ஊற்றிச் சீட்டு ஒட்டுவார். பிறகு பேசினைக் கழுவித் துடைத்துவிட்டு ஃபில்டரில் இருப்பது, அதற்கொரு பாட்டில். கூலரில் இருப்பது, அதற்கொரு பாட்டில். கடைசியில் மேல் மூடியைத் திறந்து, பள்ளங்களில் தேங்கி நிற்பதை, கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பாலாடையால் ஒவ்வொரு பள்ளமாக மொண்டு எடுப்பார். மற்ற ஒர்க்‌ஷாப்களில் இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார்கள். ஊர்ல எல்லாரும் துணியால துடைச்சு எறியுததுக்கு இவங்க பால் புகட்டுதாங்க என்று எங்களைக் கேலி செய்வார்கள். அண்ணாச்சி கண்டுகொள்ள மாட்டார். சம்ப்பில் இருப்பது கடைசியாக நடந்ததைச் சொல்லும், உள்ளே தங்கினது அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லும் என்பார்.

இப்போது அந்த வண்டிக்கு வருகிறேன். அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. அண்ணாச்சிக்கு அடுத்த இடத்தில் இருந்தேன்.

சங்கரபாண்டியன் என்று ஒருவர். பட்டாளத்தில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்று வந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் பட்டாளத்தார்தான். ஓய்வுப் பணத்தில் ஒரு வெள்ளை டீசல் வேன் வாங்கி, சீசனுக்கு வருகிறவர்களை அருவி அருவியாகக் கூட்டிப்போகிற தொழிலில் விட்டிருந்தார். ஓட்டியது அவருடைய மூத்த மாப்பிள்ளை செல்லத்துரை. வண்டிக்கு ஒரு லாக் புத்தகம் உண்டு. தினமும் காலையில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்து ஆயில் அளவை அதில் எழுத வேண்டும். டயரில் காற்று எவ்வளவு என்பதும் எழுத வேண்டும். இரண்டு முறை வண்டியை உரசிக்கொண்டு வந்த செல்லத்துரையிடம், மூன்றாவது தடவை நடந்தால் சாவியை வாங்கிவிடுவேன் என்று பட்டாளத்தார் எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வேன் சர்வீசுக்கு வந்தது. சீசன் நேரம் என்பதால் நிற்க இடமில்லை. அதே மாதிரி இன்னொரு வெள்ளை வேன், மதுரைக்காரருடையது, பக்கத்திலேயே நின்றது. அதை அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாளத்தார் வேனை நான் எடுத்துக்கொண்டேன். பழைய ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, பீப்பாயிலிருந்து புது ஆயிலை ஊற்ற ஆரம்பித்தேன். எங்களிடம் இருந்தது இரண்டு லிட்டர் கேன். அந்த வண்டிக்கு மூன்று கேன் ஊற்ற வேண்டும். எந்த வேலை முடிந்தாலும் வைப்பரில் செருகி வைத்திருக்கிற சிலேட்டில் ஒரு டிக் போட வேண்டும்.

ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். போன்களையெல்லாம் ஆபீஸ் மேஜை டிராயரில் போட்டுவிட்டுத்தான் வேலைக்கு இறங்குவோம். ஓடினேன். என் மகன். போலீஸ் தேர்வுக்காகத் திருநெல்வேலி போயிருந்தான். அதற்கு முன் இரண்டு தடவை கயிறு ஏறுவதில் தோற்றவன். "அப்பா, ஏறிட்டேன்" என்றான். ஆபீஸில் இருந்தவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். யாரோ மிட்டாய் வாங்க ஓடினார்கள். நான் தரையில் நடந்தேனா என்றே தெரியாது. திரும்பி வந்தபோது ஆயில் மூடி போட்டிருந்தது, சிலேட்டில் டிக் இருந்தது. பானட்டைச் சாத்தினேன், வண்டியை அனுப்பினேன்.

டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு எழுதும்போதும் அந்த வரியை எழுதக் கை கூசுகிறது.

வெள்ளிக்கிழமை அந்த வேன் பாலருவிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு புளியரை மலைப்பாதையில் ஏறும்போது நின்றுவிட்டது. எஞ்சின் ஜாம். மறுநாள் காலையில் லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே பட்டாளத்தார் வந்து இறங்கினார். டீ சொன்னோம், வேண்டாம் என்றார். டிப்ஸ்டிக்கை அவரே உருவி எங்களுக்குக் காட்டினார். நுனியில்கூட ஈரம் இல்லை. சம்ப்பை வடித்துப் பார்த்ததில் ஒன்றரை லிட்டருக்கும் குறைவாக, கரிந்த வாடையோடு ஏதோ வந்தது.

பட்டாளத்தார் கணக்குத் தெளிவாக இருந்தது. பட்டாளத்தில் மலைப்பாதையிலேயே காலம் தள்ளியவர் இல்லையா. பாதி ஆயிலோடு வண்டி சமதரையில் எப்படியோ ஓடிவிடும், ஏற்றத்தில் ஆயில் பின்பக்கம் போய்விடும், பம்ப்புக்குக் கிடைக்காது, எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மூன்று நாள் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஓடிய வண்டி புளியரையில் நின்றது. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பாதிதான் ஊத்திருக்கீரு வே. மகனுக்கு வேல கெடச்ச சந்தோசத்துல என் வண்டிய மறந்துட்டீரு."

யார் சொன்னார்களோ, போன் வந்த கதை அவருக்குத் தெரிந்திருந்தது. இல்லை, முழுக்க ஊற்றினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் ஊற்றினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணாச்சி வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். சம்ப்பின் பின்மூலையில் ஒரு விரிசல் இருந்தது, சேறு அப்பியிருந்தது. வெளியே வந்து செல்லத்துரையிடம் இது எப்போது பட்டது என்று கேட்டார். வண்டி நின்ற பிறகு ஓரமாகத் தள்ளும்போது கல்லில் இடித்தது என்றான். லாக் புத்தகத்தில் தினமும் ஆயில் ஃபுல் என்று எழுதியிருக்கிறதே என்று பட்டாளத்தார் கேட்டார். பார்க்காமல் எழுதிவிட்டேன் என்று தலையைக் குனிந்தான். அவனுக்கு அங்கேயே நல்ல டோஸ் விழுந்தது. எனக்கு அவன் மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. என்னால்தானே திட்டு வாங்குகிறான் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் எஞ்சினைப் பிரிப்போம், மாமனும் மருமகனும் இரண்டு பேரும் வர வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். என்னிடம் ஊற்றினாயா இல்லையா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தொலைத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் கல்யாணக் களை. மகனைப் பார்க்க ஆலங்குளத்திலிருந்து என் மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தார். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து மனசுக்குள் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினால் கேன் தெரிகிறது, புனல் தெரிகிறது, ஆயில் இறங்குவது தெரிகிறது. அது எத்தனையாவது கேன் என்பது மட்டும் தெரியவில்லை. சிலேட்டில் டிக் இருந்ததே, நான்தான் போட்டிருப்பேன் என்று ஒரு சமாதானம் வரும். போட்டது ஞாபகம் இல்லையே என்று அடுத்த நிமிடமே அது போய்விடும். டிக்கில் என்ன கையெழுத்தா இருக்கிறது. என் மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். மகன் போலீஸ் தேர்வில் ஜெயித்த வாரத்தில், அப்பன் வேலையில் கோட்டை விட்டு ஸ்பேனரை வைத்துவிட்டு வந்தான் என்று ஊர் பேசும். அதைவிட, எனக்குத் தெரிந்த ஒரே தொழிலில் நான் லாயக்கில்லை என்று ஆகிவிடும். அதுதான் என்னைத் தின்றது.

திங்கட்கிழமை நேரத்தோடு போய் என் பெட்டியில் இருந்த ஸ்பேனர்களையெல்லாம் துடைத்து அடுக்கினேன். வைத்துவிட்டுப் போக வேண்டியதை மேலாக வைத்தேன். அண்ணாச்சி வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். மேஜை மேல், பீங்கான் பேசினுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் சட்டைப் பை அன்று காலியாக இருந்தது. அதைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

பட்டாளத்தார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். செல்லத்துரை அவருக்கு இரண்டடி பின்னால். எஞ்சின் ஸ்டாண்டில் இருந்தது. அண்ணாச்சி சம்ப்பில் மிச்சமிருந்த ஆயிலை வடித்தார். அதே கரிந்த வாடைதான். பேரிங் உரசி எரிந்தால் அப்படித்தான் நாறும், வேறு எதுவும் தெரியாது. பாட்டிலில் ஊற்றினார், சீட்டு ஒட்டினார். பேசினைக் கழுவினார். எனக்கு ஒவ்வொன்றும் ஒரு யுகமாக இருந்தது.

பிறகு ஃபில்டர். அதைக் கவிழ்த்தபோது வந்த ஆயில் கறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் அதில் கரிந்த நாற்றம் இல்லை. அண்ணாச்சி இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்தார். வழக்கத்தை விடக் கூடுதல் நேரம் தேய்த்தார். மோந்து பார்த்தார். கூலரைக் கழற்றி அதில் நின்றதை எடுத்தார். அதையும் மோந்து பார்த்தார். என் பக்கம் கையை நீட்டினார். நானும் மோந்தேன். எங்கேயோ தெரிந்த வாடை. முறுக்குச் சுட்ட சட்டியை மறுநாள் கழுவும்போது வருமே, அது. எஞ்சினில் ஏன் அந்த வாடை வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மேல் மூடியைக் கழற்றினோம். ஸ்பிரிங்குகளுக்கு நடுவில் இருக்கிற பள்ளங்களில் ஆயில் தேங்கி நின்றது. ஓரங்களில் மஞ்சளாகப் பிசுபிசுப்பு ஒட்டியிருந்தது. அண்ணாச்சி பாலாடையை எடுத்து முதல் பள்ளத்தில் மொண்டு பேசினில் ஊற்றினார். இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதில் பாலாடைக்குள் ஏதோ உருண்டது. பேசினில் விழுந்து ஓடி ஓரத்தில் நின்றது. அடுத்த பள்ளத்தில் இன்னும் இரண்டு. அண்ணாச்சி ஒன்றை எடுத்து, துணியில் துடைத்து, உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினார்.

"முத்தையா, இது எந்த ஸ்பேர் பார்ட்டுலே?"

மிளகு. நன்றாக ஊறி உப்பிய மிளகு.

அந்த நிமிடம் எனக்கு வாடை பிடிபட்டது. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியெல்லாம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்களே, அங்கே வருகிற வாடை. மிளகும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். உடம்பில் தேய்த்து அருவியில் நிற்கிற எண்ணெய் இந்த எஞ்சினுக்குள் கிடந்தது.

அண்ணாச்சி யாரையும் குற்றம் சொல்லவில்லை. பேசினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டாளத்தார் முகத்துக்கு நேரே பிடித்தார். அவர் குனிந்து மோந்தார். மிளகைப் பார்த்தார். நிமிர்ந்து, திரும்பி, மருமகனைப் பார்த்தார். செல்லத்துரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்வீஸ் முடிந்த மறுநாள், புதன்கிழமை, பழைய குற்றாலத்தில் கூட்டம் அதிகம் என்று ரோட்டை விட்டு இறக்கி நிறுத்தியிருக்கிறான். மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தில் கல் இருந்தது தெரியவில்லை, சம்ப்பில் அடித்துவிட்டது. ஆட்கள் குளித்துவிட்டு வருவதற்குள் பாதிக்கு மேல் ஒழுகிவிட்டது. துணி சோப்பைத் தேங்காய் நாரோடு சேர்த்துப் பிசைந்து விரிசலை அடைத்திருக்கிறான். அது எங்கள் தொழிலில் எல்லோரும் அவசரத்துக்குச் செய்கிறதுதான். ஆனால் ஆயில் வேண்டுமே. தென்காசிக்கோ மேலகரத்துக்கோ போன் போட்டு ஆயில் வாங்கிவரச் சொன்னால், எந்தக் கடையில் வாங்கினாலும் சாயங்காலத்துக்குள் மாமனார் காதுக்குப் போய்விடும். சம்ப் உடைந்தது தெரிந்தால் சாவி போய்விடும். அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவனிடம் இருந்த எண்ணெயை நாலு லிட்டர் வாங்கி ஊற்றிவிட்டான். சீசன் முடிந்ததும் எப்படியாவது சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தானாம்.

ஆயிலும் எண்ணெயும் எஞ்சின் சூட்டில் காய்ந்து காய்ந்து பசையாகிவிட்டன. பிறகு சம்ப்பைக் கழற்றிப் பார்த்தபோது, பம்ப் உறிஞ்சுகிற சல்லடைக் கண் முழுக்க மஞ்சள் பசை அடைத்திருந்தது. மழையில் சோப்பும் கரைந்து மறுபடி ஒழுகியிருக்கிறது. புளியரை ஏற்றம் வரை அந்த எஞ்சின் வந்ததே பெரிது.

அண்ணாச்சி அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். குரல் மிகவும் இறங்கியிருந்தது, எல்லோரும் கிட்டே வந்தோம்.

"புதன்கெழம காலைல டிப்ஸ்டிக்க நீ பாத்தியா, பாக்கலையா?"

"பாத்தேன் அண்ணாச்சி. ஃபுல்லா இருந்துச்சு. பாத்துட்டுத்தான் எழுதுனேன்."

பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்தேன். மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கியது. அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. முகத்தைத் துணியால் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டேன். துணி முழுக்க ஆயில். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

பட்டாளத்தார் மருமகனை அடித்துவிடுவார் என்றுதான் பயந்தோம். அவர் அடிக்கவில்லை. அந்த மிளகை எடுத்து விரலில் உருட்டினார். "நாலு லிட்டர் எண்ணெய ஊத்தினவரு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா" என்றார். அதுவரை அவனை ஒருமையில் பேசிக்கொண்டிருந்தவர், அதை மரியாதையோடு சொன்னார். செல்லத்துரை விசும்ப ஆரம்பித்தான். மாப்பிள்ளை பயந்துபோய்ச் செய்த காரியம், திருட்டுத்தனம் இல்லை என்று அண்ணாச்சி இடையில் புகுந்து சொன்னார். பட்டாளத்தார் சாவியை அப்புறமும் வாங்கவில்லை. அதே வண்டியை அதே செல்லத்துரைதான் இன்றைக்கும் ஓட்டுகிறான். ஆனால் மழைத்தண்ணீர் தேங்கிய இடம் தெரிந்தால் இறங்கி ஒரு கம்பை விட்டுப் பார்க்காமல் வண்டியை இறக்க மாட்டான்.

பிறகு பட்டாளத்தார் என்னிடம் வந்தார். தப்பாகப் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர் என்றார். சனிக்கிழமை வேண்டாம் என்று சொன்ன டீயை அவரே கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவர்கள் போன பிறகு ஒர்க்‌ஷாப்பில் சத்தம் அடங்கியது. வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி பாலாடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவரிடம் அதை மறைத்துவிட்டு அந்தக் கூரைக்குக் கீழே வேலை பார்க்க என்னால் முடியாது. பக்கத்தில் போய் நின்று, மூன்றாவது கேனை ஊற்றினேனா இல்லையா என்று எனக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை, டிப்ஸ்டிக்கையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவர் தலை நிமிரவில்லை.

"நீ ஊத்தலலே. ரெண்டோட போன் பேச ஓடிட்ட. மூணாவது நான் ஊத்தினேன். டிக்கும் நான்தான் போட்டேன்."

அப்படியானால் சனிக்கிழமையே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அப்போதுதான் பாலாடையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ரெண்டு வெள்ள வண்டி பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு. ஊத்தினது நெனவு இருக்கு. எந்த வண்டியில ஊத்தினேன்னு நெனவு இல்ல. மதுரைக்காரனுக்குப் போன் போட்டு போட்டுப் பாத்தேன், எடுக்கவே இல்ல. அவன் வண்டியில ஊத்திட்டு இங்கன டிக் போட்டிருந்தேன்னா என்ன செய்ய? எத வச்சுச் சொல்லுவேன், சொல்லு."

அப்போதுதான் புரிந்தது, அவர் ஏன் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று. நான் ஊற்றினேனா என்று யோசித்துக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும், தன் வீட்டில் உட்கார்ந்து அவரும் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். பேசினில் ஒவ்வொரு சொட்டாக விழும்போது எனக்கு அடித்துக்கொண்ட நெஞ்சு அவருக்கும் அடித்துக்கொண்டிருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

மேஜைக்குப் போய், காலையில் வைத்த பொட்டலத்தை எடுத்துச் செய்தித்தாளைப் பிரித்தார். உள்ளே அவருடைய பதினேழாம் நம்பர் ஸ்பேனர். பட்டாளத்தார் முன்னால் வைத்துவிட்டுப் போவதற்காகக் கொண்டுவந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"எனக்கும் ஒரு டீ சொல்லுலே" என்றார். "சனிக்கெழமையில இருந்து ஒண்ணும் எறங்கல."